மூடும் அடைப்புக்குறி

மைனஸ் பதினெட்டில் பொதி அலமாரியின் கதவு
ஒட்டிக்கொண்டு, பிறகு திறந்தது.
டார்ட்டுவில் பிப்ரவரி.
உறைந்த ஆற்றில் துளை போட்டுச்
சிலர் தூண்டிலோடு உட்கார்ந்திருந்தார்கள்.
உன்னெலா பெட்டியைக் கோட்டுக்குள் செருகிக்கொண்டு நடந்தாள்.

நீதிமன்ற ஒலிப்பதிவுகளை எழுத்தாக்குவது அவள் வேலை.
ஒன்பது வருஷம், அலுவலகம் தந்த தட்டைப் பலகையில்.
கடைசி மாதங்களில் அதன் ஸ்பேஸ் கட்டை
இடது ஓரத்தில் குத்தினால்தான் கேட்டது.
சாட்சிகள் எல்லோரும் அவள் கோப்புகளில்
ஒரேமூச்சில்பேசினார்கள்.

சமையல் மேசையில் துண்டு விரித்தாள்.
அறுபத்தெட்டு சுவிட்ச்.
ஒவ்வொன்றையும் பிளந்தால் மூடி, தண்டு, சுருள், அடி.
நான்கால் பெருக்கிப் பார்க்க வேண்டாம் என்று முடிவு செய்தாள்.

கிரீஸை, பூசியதா பூசவில்லையா என்று
சந்தேகம் வரும் அளவுக்குப் பூச வேண்டுமாம்.
முதல் பதினொன்றுக்கு
ரொட்டிக்கு வெண்ணெய் தடவுவதுபோல் தடவிவிட்டாள்.
அழுத்தினால் இறங்கின. எழ மனசில்லை,
திங்கட்கிழமைக்காரர்கள்.
துடைத்து, மறுபடியும்.
ஒரு சுருள் துள்ளி எங்கோ போனது.
மறுநாள் காவ்போவின் காலுறை அதைக் கண்டுபிடித்தது.

காவ்போ சுவருக்கு அந்தப் பக்கம் தூங்குகிறான்,
மூன்றரைக்கு எழுந்து ரொட்டி லாரி ஓட்ட வேண்டியவன்.
இந்தச் சத்தக் கணக்கெல்லாம் அவனுக்காக என்று
அவனிடம் சொல்லியிருக்கிறாள்.
பாதி உண்மை.
உள்ளே நுரைத்தாள், பலகையின் முதுகில்
பெயிண்டர்கள் ஒட்டும் காகித டேப் இரண்டு அடுக்கு.
ஸ்பேஸ் கட்டையின் கம்பிக்கு மட்டும் கஞ்சத்தனமில்லாமல் கிரீஸ்.
கிலுகிலுப்பையாய்க் கிடந்தது
கூழாங்கல் நீருக்குள் விழும் சத்தத்துக்கு வந்தது.
அதை முப்பது தடவை விழவிட்டாள்.

முதலில் அவன் பெயரை அடித்தாள்.
ஆவ்போ, என்று வந்தது.
ஒரு சுவிட்சின் கால் மடங்கியிருந்தது.
புருவம் திருத்தும் இடுக்கியால் நிமிர்த்திச் செருகினாள்.
க் வந்ததும் காவ்போ வந்தான், திரையில்.

பிறகு மூடிகள். கடுகு நிறம்.
விலை குறைவு என்று வாங்கியபோது
அது அமெரிக்க வரிசை என்பதை அவள் பார்க்கவில்லை.
எஸ்தோனியத்தின் நான்கு எழுத்துகள் அதில் இல்லை.
அவற்றின் இடத்தில் கொக்கிகள், புள்ளிகள், சதுர அடைப்புகள்.

நாம் சொல்லின் கடைசியில்
உதடு குவிக்காமல் விட்டுவிடும் உகரம் இருக்கிறதே,
காற்று என்பதில், பாட்டு என்பதில்,
அதற்குப் பக்கத்து வீட்டு ஒலி ஒன்று அவர்களுக்கு உண்டு.
அவளுக்கு அது பெயரின் வாசலிலேயே நிற்கிறது.
இப்போது அந்த விசையின் மேல்
ஒரு மூடும் அடைப்புக்குறி.
தொடங்கும் முன்பே முடிந்தவள், என்று சிரித்தாள்.
பழைய பலகையிலிருந்து அந்த மூடியைப் பெயர்த்துப் பார்த்தாள்.
பொருந்தவில்லை. துளையின் வடிவமே வேறு.

இரண்டு மணிக்கு வேலையைத் திறந்தாள்.
நில எல்லை வழக்கு. ஒரு முதியவர்.
வேலியை யார் நகர்த்தினார்கள் என்று கேட்கிறார்கள்.
பதிவில் ஒரு நாற்காலி, ஒரு இருமல்,
பிறகு பதினான்கு வினாடி ஒன்றுமில்லை.
ஒன்றுமில்லாததையும் எழுத வேண்டும், அதுதான் விதி:
சதுர அடைப்புக்குள், மௌனம்.

ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக
கண் விரலுக்கு வழி சொன்னது.
அடைப்பை மூடக் கடுகு நிறக் குறியை அழுத்தினாள்.
மௌனத்துக்குப் பின்னால்
அவள் பெயரின் முதலெழுத்து வந்து நின்றது.

அழித்தாள்.
சுவருக்கு அந்தப் பக்கம் காவ்போ புரண்டு படுத்தான்.
சத்தத்துக்காக மட்டும்
இன்னொரு தடவை அழுத்தினாள்.